சிபாப் மாஸ்க் முகத்தில் உறுத்தாமல் இருக்க

சிபாப் (CPAP) என்பது உறக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் கருவி. அதன் மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசியத் தொடங்கினால், பெரும்பாலோர் பட்டையை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்குகிறார்கள். அன்றிரவு கசிவு சற்றுக் குறைந்தது போலத் தோன்றும். காலையில் கன்னத்தில் பள்ளமும் மூக்குத்தண்டில் சிவப்பும் மிஞ்சும். இரண்டு நாளில் கசிவு மறுபடியும் வரும், பட்டை மறுபடியும் இறுகும். ஒரு கட்டத்தில் மாஸ்க் அலமாரிக்குள் போய்விடும். ஸ்லீப் அப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடைக்கு இந்தக் கருவியைப் பெற்றவர்களில் பலர் அதைக் கைவிடுவதற்குப் பின்னால் இந்தச் சுழற்சிதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மாஸ்க் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் இதிலிருந்து வெளியே வருவது கடினமன்று.

முகத்தைத் தொடும் சிலிக்கோன் குஷன் பெரும்பாலான மாஸ்க்குகளில் இரண்டு அடுக்குகளைக் கொண்டது. உட்புறம் சற்றுத் தடித்த அடுக்கு; வெளிப்புறம் மிக மெல்லிய ஓர் இதழ். கருவியிலிருந்து காற்று வரும்போது அந்த மெல்லிய இதழ் உப்பி, முகத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பப் படிந்துகொள்கிறது. காற்றை அடைப்பது அந்த இதழ்தான்; பட்டை அதை அந்த இடத்தில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. அளவுக்கு மேல் இறுக்கினால் இதழ் உப்ப இடமின்றி நசுங்கி மடிகிறது, மடிப்பின் வழியே காற்று வெளியேறுகிறது. கசிவைத் தடுக்கச் செய்ததே கசிவுக்குக் காரணமாகிவிடுகிறது.

எவ்வளவு விசை தேவை என்பதைச் சிறு கணக்கால் பார்க்கலாம். சிபாப் கருவிகள் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வரை தருகின்றன. 10 செ.மீ. என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 100-இல் ஒரு பங்கு. ஒரு சதுர செ.மீ. பரப்பின் மீது சுமார் 10 கிராம் எடையின் தள்ளுதல். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கின் உட்பரப்பு 30 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதை முகத்திலிருந்து தள்ள முயலும் விசை சுமார் 300 கிராம்தான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் பரப்பு அதைப் போல இரண்டு மூன்று மடங்காவதால் விசையும் அதே அளவு கூடுகிறது. பெரிய மாஸ்க்கைக் கசியாமல் நிறுத்துவது ஏன் கடினம் என்பதும், சிறியது ஏன் தளர்வான பட்டையிலேயே நிற்கிறது என்பதும் இதில் அடங்கியிருக்கின்றன. 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் வெளியிட்ட காலத்தில், ஒவ்வொருவரின் மூக்குக்கும் தனித்தனியே அச்செடுத்து மாஸ்க் செய்து, இரவுதோறும் அதை முகத்தில் பசையால் ஒட்ட வேண்டியிருந்தது. இன்று அந்தப் பசையின் வேலையைச் செய்வது உப்பிய அந்த இதழ்.

வகையும் அளவும்

மாஸ்க்குகள் மூன்று பெரும் வகைகளாக அமைகின்றன. மூக்குத்துளைகளின் வாயிலில் பொருந்தும் சிறு திண்டுகள் கொண்டது ஒன்று. மூக்கை முழுவதும் மூடுவது மற்றொன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. மூக்குக்கு அடியில் மட்டும் தாங்கி நிற்கும் தொட்டில் போன்ற வடிவம் முதல் இரண்டுக்கும் இடைப்பட்டது. மூக்குத்தண்டில் புண் வருகிறவர்களுக்கும், கண்ணாடி அணிந்து படித்துவிட்டு உறங்குகிறவர்களுக்கும், எதுவும் முகத்தை மூடினால் பதற்றம் கொள்கிறவர்களுக்கும் மூக்குத்துளைத் திண்டு அல்லது தொட்டில் வகை பெரும்பாலும் ஒத்துவருகிறது. மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கும் திண்டு வகை உதவுகிறது, ஏனெனில் அது முடியின் மீது படியாமல் துளையின் வாயிலிலேயே அடைத்துக்கொள்கிறது.

நான் வாயால் மூச்சுவிடுகிறவன், ஆகவே எனக்கு முழுமுக மாஸ்க்தான் வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்வது அவசரம். வாயால் மூச்சுவிடுவதற்குக் காரணம் பல நேரங்களில் அடைத்திருக்கும் மூக்கு. அதைச் சரிசெய்தால், அல்லது ஈரப்பதமூட்டியைப் பயன்படுத்தத் தொடங்கினால், சில வாரங்களில் வாய் தானாக மூடிக்கொள்வதுண்டு. முழுமுக மாஸ்க் அணிகிறவர்களுக்கு மூக்கு மாஸ்க் அணிகிறவர்களைவிடச் சற்று அதிகமான அழுத்தம் தேவைப்படுவதையும், மூச்சுத்தடைகள் சற்று அதிகமாக எஞ்சுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன; அதன் பட்டைகள் கீழ்த்தாடையைப் பின்னோக்கித் தள்ளக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. இது அந்த வகைக்கு எதிரான தீர்ப்பன்று. மூக்கு நிரந்தரமாக அடைபட்டவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது. தேர்வின் வரிசையில் அதைக் கடைசியில் வைக்கலாம் என்பதே என் கருத்து.

பெரிய அளவு வசதியாக இருக்கும் என்ற எண்ணம் செருப்புக்குப் பொருந்தலாம், மாஸ்க்குக்குப் பொருந்தாது. மூக்கு மாஸ்க் பெரிதாக இருந்தால் அதன் மேல்விளிம்பு கண்ணின் உள்மூலையை நெருங்கி அங்கே காற்றை ஊதும். காலையில் கண் சிவந்தோ உலர்ந்தோ இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிறிதாக இருந்தால் மூக்கின் பக்கங்கள் நெரிபடும். நிறுவனங்கள் தரும் அளவுகோல் அட்டையை முகத்தில் வைத்துப் பார்த்து அளவு தேர்வதே முறை. முழுமுக மாஸ்க்கை வாய் சற்றுத் திறந்திருக்கும் நிலையில் அளக்க வேண்டும். அதன் கீழ்விளிம்பு கீழுதட்டுக்கும் தாடை நுனிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அமர வேண்டும். இரவில் பல்செட்டைக் கழற்றி வைப்பவர்கள் கழற்றிய பிறகே அளவும் பொருத்தமும் பார்க்க வேண்டும், ஏனெனில் பல்செட் இல்லாதபோது உதடும் கன்னமும் உள்வாங்கி முகத்தின் வடிவமே மாறிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு மற்றொன்றின் நடுத்தர அளவாக இருக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பொருத்தும் முறை

மாஸ்க்கை நின்றபடி கண்ணாடி முன் பொருத்துவது வழக்கமான தவறு. படுக்கும்போது கன்னத்தின் தசை பின்னோக்கிச் சரிகிறது, தாடை தளர்கிறது. நின்றபோது சரியாக இருந்த பட்டை இப்போது தவறாகிவிடுகிறது. எனவே முகத்தைச் சோப்பால் கழுவித் துடைத்து, எந்தக் களிம்பும் பூசாமல், நீங்கள் உறங்கும் தலையணையிலேயே படுத்துக்கொண்டு தொடங்குங்கள். முகத்தின் எண்ணெய்ப்பசை மாஸ்க்கை வழுக்கச் செய்வதோடு சிலிக்கோனையும் நாளடைவில் கெடுக்கிறது.

எல்லாப் பட்டைகளையும் நன்றாகத் தளர்த்திவிட்டுக் கருவியை இயக்குங்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பல கருவிகள் தூக்கம் வரும்வரை குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்தக் குறைந்த அழுத்தத்தில் கசியாத மாஸ்க், விடியற்காலையில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது கசியலாம். மாஸ்க் பொருத்தத்தைச் சோதிக்கும் தனி வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது உண்மையான சிகிச்சை அழுத்தத்தைச் சிறிது நேரம் தந்து நிறுத்தும். இல்லையேல் அழுத்தம் முழுமையாக ஏறும்வரை காத்திருந்து பிறகு சரிசெய்யுங்கள்.

காற்று வந்துகொண்டிருக்கும்போதே மாஸ்க்கை முகத்தில் வைத்து, முதலில் கீழ்ப்பட்டைகளையும் பிறகு மேல்பட்டைகளையும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், சமமாக இழுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணலாகி எதிர்ப்பக்கத்தில் கசியும். ஓரளவு நின்றவுடன் மாஸ்க்கின் முன்பகுதியைப் பிடித்து முகத்திலிருந்து நேராக ஒரு விரற்கடை தூரம் இழுத்து, மெதுவாகத் திரும்ப அமரவிடுங்கள். நசுங்கிய இதழ் விரிந்து உப்ப இந்த ஒரு செயல் போதும். இரவில் கசிவு எழுப்பினாலும் பட்டையைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெரும்பாலான நேரங்களில் பட்டைக்கு வேலையே இருக்காது. அதன் பிறகு இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிப் படுத்துப் பாருங்கள். கன்னத்துக்கும் பட்டைக்கும் இடையே ஒன்றிரண்டு விரல்கள் எளிதாக நுழைந்தால் இறுக்கம் சரி.

கசிவு கண்ணை நோக்கி வந்தால் மேல்பட்டையையும், தாடையை நோக்கிப் போனால் கீழ்ப்பட்டையையும் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். மாற்றுவது என்றால் இறுக்குவது மட்டுமன்று, தளர்த்தியும் பார்க்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும் பட்டை மடங்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். துவைத்து மாட்டும்போதெல்லாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மேலும், அந்தக் கோட்டைத் தாண்டி இழுத்தால்தான் நிற்கிறது என்ற நாள் வரும்போது பட்டை நைந்துவிட்டது அல்லது குஷன் தளர்ந்துவிட்டது என்பதும் தெரிந்துவிடும்.

மாஸ்க்கின் முன்புறம் அல்லது வளைவுக் குழாயில் உள்ள நுண்துளைகளின் வழியே எப்போதும் காற்று வெளியேறிக்கொண்டிருக்கும். அது கசிவன்று. நீங்கள் வெளிவிடும் கரியமில வாயுவை அகற்றுவதற்காகவே அத்துளைகள் இருக்கின்றன. இரைச்சல் பொறுக்காமல் அவற்றை ஒட்டுநாடாவால் மூடுவதும் போர்வைக்குள் தலையை முழுவதும் இழுத்துக்கொள்வதும் ஆபத்தானவை.

தோல்

மாஸ்க்கைக் கழற்றிய பிறகு தெரியும் இலேசான தடம் அரைமணி நேரத்தில் மறைந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. நேரம் கடந்தும் மறையாத சிவப்பு, தொட்டால் வலி, தோல் உரிதல் ஆகியவை அழுத்தப் புண்ணின் தொடக்கங்கள். மூக்குத்தண்டில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே தசை மிகக் குறைவாக இருப்பதால் அங்கேதான் முதலில் புண் வரும். பட்டையைத் தளர்த்துவதோடு, புண்களுக்கு ஒட்டும் ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டுப்பட்டையின் மெல்லிய துண்டை அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். துணியாலான மாஸ்க் உறைகளும் கிடைக்கின்றன. வியர்வையை உறிஞ்சி உறுத்தலைக் குறைக்கும், ஆனால் சிலருக்குக் கசிவைக் கூட்டும். தோல் ஏற்கெனவே பிளந்திருந்தால் எந்த ஒட்டலும் தற்காலிகமே. அது ஆறும்வரை மூக்குத்தண்டைத் தொடாத வேறொரு வகைக்கு மாறுவதுதான் வழி. இரண்டு வகை மாஸ்க்குகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணிகிறவர்களுக்கு ஒரே இடத்தில் அழுத்தம் படிவதில்லை.

முகத்தில் படையோ அரிப்போ வந்தால் உடனே சிலிக்கோன் ஒவ்வாமை என்று முடிவுகட்ட வேண்டாம். சரியாக அலசாமல் விட்ட சோப்பும், கழுவாத குஷனில் படிந்த வியர்வையும், இரவுக் களிம்பும் அதைவிடப் பொதுவான காரணங்கள்.

உள்ளே வரும் காற்று

மாஸ்க் சரியில்லை என்று சொல்லப்படும் குறைகளில் பாதி, உண்மையில் காற்றைப் பற்றியவை. மூக்கு எரிகிறது, தொண்டை வறள்கிறது, காலையில் மூக்கு அடைக்கிறது என்றால் ஈரப்பதமூட்டியின் அளவை ஒவ்வொரு படியாக உயர்த்துங்கள். அளவு மிகுந்தால் சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி, நள்ளிரவில் முகத்தில் தெறிக்கும். அப்போது ஈரப்பதத்தைக் குறைப்பது ஒரு வழி. குழாய்க்குத் துணியுறை போடுவதும், சூடேற்றப்படும் குழாயைப் பயன்படுத்துவதும் வேறு வழிகள். கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் குழாயில் சேரும் நீர் மாஸ்க்கை நோக்கி வராமல் கருவியின் பக்கம் வடியும். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.

ஈரம் கூட்டியும் வாய் வறண்டே இருந்தால் காற்று வாய் வழியே தப்புகிறது. மூக்கடைப்பு உண்டா என்று பாருங்கள்; படுக்கும் முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு உதவுகிறது, நாட்பட்ட அடைப்புக்கு மருத்துவர் தெளிப்பு மருந்து தரக்கூடும். தாடையைத் தாங்கும் பட்டை சிலருக்குப் பயன்படுகிறது, சிலருக்கு உதடு வழியே காற்று போவதைத் தடுப்பதில்லை. வாயை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை, மருத்துவரிடம் கேட்காமல் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவில் மூக்கு அடைத்தாலோ வாந்தி வந்தாலோ அது விபரீதமாகும். இதே காரணத்துக்காக, மாஸ்க்கைத் தானே கழற்ற முடியாத நிலையில் உள்ளவர்களுக்கு முழுமுக மாஸ்க் தருவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

காற்றுக்கு எதிராக மூச்சை வெளிவிடுவது சிரமமாக இருந்தால், வெளிவிடும் தருணத்தில் மட்டும் அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும் அமைப்பு பல கருவிகளில் உண்டு. வயிறு உப்புசமும் ஏப்பமும் காற்றை விழுங்குவதன் அறிகுறிகள். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுப்பது ஓரளவு உதவும், அதற்கு மேல் அழுத்தத்தை மாற்றுவது மருத்துவரின் வேலை. சிகிச்சை அழுத்தத்தை மட்டும் நாமாகக் கைவைத்து மாற்றக் கூடாது.

பழக்குதல்

முகத்தில் ஒன்று மூடியிருக்கிறது என்ற அச்சம் சிலருக்கு முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். இரவு உறக்கத்தின் நேரத்தில் அதனோடு போராடுவது பயன் தராது. பகலில், விழித்திருக்கும்போது, பட்டையே மாட்டாமல் மாஸ்க்கைக் கையால் மூக்கின்மீது பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் மூச்சுவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பதைக் கை அறிந்திருப்பதால் பதற்றம் தணியும். அது இயல்பானதும் காற்றைச் சேர்த்து, பிறகு பட்டையைச் சேர்த்து, படித்துக்கொண்டோ தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ அரைமணி நேரம் அணியுங்கள். அடுத்து பகல் தூக்கம், அதன் பின்னரே இரவு. ஒவ்வொரு படியிலும் சலிப்புத் தட்டும்வரை இருந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சிலருக்கு மூன்று நாளில் முடியும், சிலருக்கு மூன்று வாரமாகும். விளக்கை அணைத்துவிட்டு, கொக்கியைத் தடவிக் கண்டுபிடித்து ஒரே அசைவில் கழற்றவும் பழகுங்கள். இந்தப் பயிற்சி சிறியதாகத் தோன்றினாலும், என் பார்வையில், அச்சத்தை இதைவிட வேகமாகக் குறைப்பது வேறொன்றில்லை.

உறக்கத்தில் தன்னையறியாமல் கழற்றி எறிவது தொடக்க வாரங்களில் மிக இயல்பானது. விழிப்பு வந்தவுடன் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். இரவுக்கு 4 மணி நேரம் அணிந்தால் போதும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அது பயன்பாட்டைக் கணக்கெடுக்க வைத்த குறைந்தபட்ச எல்லையே ஒழிய இலக்கன்று. கனவு காணும் உறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் செறிவாக வருகிறது, பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அந்த உறக்கத்தில்தான். மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தை இழக்கிறார்.

புரண்டு படுக்கும்போது குழாய் இழுத்து மாஸ்க்கை நகர்த்தினால், குழாயைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிலின் தலைப்பலகையில் ஒரு கொக்கியில் தளர்வாக மாட்டுங்கள். பக்கவாட்டில் படுப்பவர்களுக்கு, மாஸ்க் தலையணையில் முட்டாதபடி ஓரங்கள் வெட்டப்பட்ட தலையணைகள் கிடைக்கின்றன. சாதாரணத் தலையணையின் விளிம்பில் முகத்தைச் சற்று வெளியே நீட்டிப் படுப்பதும் அதே பயனைத் தரும்.

பராமரிப்பும் மாற்றமும்

குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, நன்றாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். பட்டையையும் குழாயையும் வாரம் ஒருமுறை கழுவினால் போதும். ஸ்பிரிட், பிளீச்சிங், வாசனைத் திரவங்கள் சிலிக்கோனைக் கடினமாக்கும். ஓசோன் வாயுவாலோ புறஊதாக் கதிராலோ சுத்தம் செய்வதாக விற்கப்படும் பெட்டிகளைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது. சோப்பும் நீரும் இருக்கும்போது அவற்றுக்குத் தேவையும் இல்லை.

குஷன் மஞ்சளித்து விறைத்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ, இதழில் கீறல் விழுந்தாலோ மாற்றிவிடுங்கள். பட்டை பொதுவாகக் குஷனைவிட நீண்ட நாள் உழைக்கும். சில மாஸ்க்குகளின் கொக்கியில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர், மூளையில் பொருத்திய வடிகுழாய், கண்ணில் உலோகத் துணுக்கு போன்றவை உள்ளவர்கள், அவர்களோடு ஒரே படுக்கையில் உறங்குகிறவர்கள் உட்பட, காந்தமில்லாத கொக்கியைக் கேட்டு வாங்க வேண்டும். இது பற்றி 2022-இல் எச்சரிக்கைகள் வெளியாயின.

இவ்வளவுக்குப் பிறகும் கசிவு அளவு உயர்ந்தே இருந்தால், மணிக்கு 5-க்கு மேல் மூச்சுத்தடைகள் எஞ்சுவதாகக் கருவி தொடர்ந்து காட்டினால், அல்லது உடல் எடை கணிசமாகக் கூடியோ குறைந்தோ இருந்தால் மருத்துவரிடமோ உறக்க ஆய்வுக்கூடத்திலோ காட்ட வேண்டும். போகும்போது கருவி, மாஸ்க், குழாய் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நேரத்தில், எந்த ஓரத்தில், எந்தப் பக்கம் படுத்தபோது கசிந்தது என்று ஒரு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும். அங்கே நாற்காலியில் அமர்ந்து மாட்டிக் காட்டாமல், பரிசோதனைக் கட்டிலில் படுத்து, காற்றை இயக்கி, திரும்பிப் படுத்துக் காட்ட அனுமதி கேளுங்கள்.